யாகூப் தரகரும் சிறுகுறிஞ்சாக் கொடியும்

மாத்தளைக் கொங்காவெலயில் யாகூப் நானாவை அறியாத வீடு ஒன்று இருந்தால், அந்த வீட்டில் குமர்ப்பெண்ணும் இல்லை, கலியாண வயதில் பையனும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாம். கலியாணம் பேசுவதுதான் அவருக்குத் தொழில். சிங்கள அயலவர்கள் அவரைக் 'கப்பு மஹத்தயா' என்பார்கள். ஊர் முஸ்லிம்கள் முகத்துக்கு நேரே அண்ணன் என்ற மரியாதையில் 'நானா' என்றும் முதுகுக்குப் பின்னால் 'தரகர்' என்றும் சொல்வார்கள். கறுப்புக் குடை, வெள்ளைச் சாரன், கழுத்துவரை பொத்தான் பூட்டிய கோட்டு, சிவப்புத் துருக்கித் தொப்பி. இந்தக் கோலத்தில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கினால், அந்தத் தெருவில் யாரோ ஒருத்தி கித்துள் கருப்பட்டியைக் கரைக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஏனென்றால் பெண் பார்க்கும் வீட்டில் வாயால் பேசுவதைவிடத் தட்டால் பேசுவதுதான் அதிகம். வந்தவர்கள் பலகாரத்தைத் தொடாமல் எழுந்தால் பெண் வேண்டாம் என்று அர்த்தம். ஒரு வாய் எடுத்தால் யோசித்துச் சொல்கிறோம் என்று அர்த்தம். முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டலப்பத்தை இரண்டாந்தரம் கேட்டு வாங்கினால் காரியம் முக்கால்வாசி முடிந்தது. யாரும் போட்ட சட்டமில்லை. ஆனாலும் மாத்தளையிலிருந்து தம்புள்ளைவரை சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் தயங்கும்போது யாகூப் நானாதான் முதலில் தட்டை நீட்டுவார். "அல்ஹம்துலில்லாஹ், தேன் மாதிரி ஈக்கு, இன்னங் கொஞ்சம் வைங்க" என்பார். அந்தக் குரலைக் கேட்டால் தயங்கிய கைகளும் நீளும். அவர் கூட்டி வைத்த சம்பந்தங்களில் பாதி அப்படிக் கூடியவை.

ஒரு நாளைக்கு இரண்டு வீடு, சில நாளில் மூன்று வீடு. மஸ்கட், தொதல், வட்டலப்பம், அதன்மேல் சீனி வழியும் தேத்தண்ணி. இருபத்தைந்து வருடம் இப்படிச் சாப்பிட்டால் உடம்பு சும்மா இருக்குமா? தாகம் எடுத்தது. ஒரு கூஜாத் தண்ணீர் போதவில்லை. குடித்த தண்ணீர் உள்ளே நிற்கவுமில்லை.

உக்குவெலயில் ஒரு வீட்டில் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கைக்கூலிப் பேச்சு நடந்தபோதுதான் அது தொழிலில் கைவைத்தது. பேச்சு முறுகும் நேரமெல்லாம் யாகூப் நானா எழுந்து பின்வாசல் பக்கம் போனார். முதல்தரம் யாரும் கவனிக்கவில்லை. மறுபடியும் போனபோது மாப்பிள்ளையின் மாமா, பெண்ணின் அண்ணன்மாரோடு பின்னால் நின்று தரகர் இரகசியம் பேசுகிறார் என்று நினைத்தார். அதற்கடுத்த தரம் பெண் வீட்டார், வேலிக்கு அப்பால் வேறொரு மாப்பிள்ளை வீட்டுக்காரன் நிற்கிறான் போல என்று நினைத்தார்கள். பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வோர் ஆள் மெதுவாகப் பின்தொடர்ந்தார்கள். வாழை மரத்தடியில் தரகர் குந்தியிருந்த கோலத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார்கள். ஆனால் அதற்குள் உள்ளே இருந்தவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத அளவுக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

மறுநாளே மனைவி ஹவ்வா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் அவருடைய சிறுநீரில் கொஞ்சம் எடுத்து நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சச் சொன்னார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் புதுச் செங்கல் நிறத்தில் நின்றது.

"சீனி வருத்தம்" என்றார் டொக்டர். "குளிசை தாறேன். ஒழுங்காப் போடணும். இனிப்பு வாயில வைக்கப்படாது."

யாகூப் நானா சிரித்தார். கடலில் வலை வீசுகிறவனிடம் தண்ணீரில் கால் வைக்காதே என்று சொன்னால் அவனும் அப்படித்தான் சிரிப்பான்.

வெளியே வந்ததும் ஹவ்வாவின் கையைப் பிடித்து, "இது வெளிய தெரியப்படாது" என்றார்.

"எனத்துக்கு? களவா எடுத்தீங்க?"

"தட்டத் தொடாம எழும்பினா பொண்ணு சரியில்லண்டு ஆகும். சீனி வருத்தம்ண்டு சொன்னா, என்னைப் பாத்து எல்லாரும் சீனி போடாத தேத்தண்ணி ஊத்துவாங்க. சீனியில்லாத வீட்டில எவன் சம்பந்தம் பேசுவான்?"

ஹவ்வாவின் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்த மனுசன் வாயை மூட மாட்டார். மூடாத வாய்க்கு எதைப் போடுவது என்பதுதான் அந்தக் கணக்கு.

முதலில் பாவக்காய்ச் சாறு. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வந்ததும் ஒரு கோப்பை. குடித்துவிட்டு யாகூப் நானா இழுக்கும் முகத்தைப் பார்த்து அடுத்த வீட்டுக் குழந்தை அழுதது. பிறகு நாவல் கொட்டைத் தூள். பிறகு ஆவாரம்பூக் கஷாயம். அதற்குப் பிறகு சீனி வருத்தத்துக்கு நல்லதென்று கேள்விப்பட்டு, பல்லேகமப் பக்கக் காட்டுக் கொத்தல ஹிம்புட்டுக் கட்டையில் கடைந்த கோப்பை ஒன்றை பஸ் கொண்டக்டரிடம் சொல்லி வரவழைத்தாள். அதில் ஊறிய தண்ணீர் காலையில் தேயிலைச் சாயம்போல் சிவந்திருக்கும். அதைக் குடிக்கக் கஷ்டமில்லை. ஆனால் ஒரு நாள் யாகூப் நானா அந்த மரக்கோப்பையிலேயே பால் தேத்தண்ணி ஊற்றி, சீனி போட்டு, "மருந்தும் சேர்ந்து போகட்டுமே" என்று குடித்துக்கொண்டிருந்ததை ஹவ்வா கண்டுவிட்டாள். அன்றோடு கோப்பை அல்மாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

கடைசியில் வஹகோட்டையிலிருந்து வின்சன்ட் வந்தார். வஹகோட்டைக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பக்கத்தில் நாட்டு வைத்தியம் செய்கிறவர். கழுத்தில் சிலுவை, தோளில் மூலிகைப் பை, வாயில் மூன்று பாஷையும் கலந்த பேச்சு. ஹவ்வாவின் முழங்கால் வலிக்கு எண்ணெய் கொடுத்துப் பழக்கம். பையிலிருந்து ஒரு கொடியை எடுத்தார்.

"நாங்க மஸ்பெத்தண்டு சொல்றது. ஒங்க ஆளுங்க சிறுகுறிஞ்சாண்டு சொல்லுவாங்க. நானா, ரெண்டு இலை மெல்லுங்க."

யாகூப் நானா மென்றார். கசந்தது. ஆனால் பாவக்காய் கண்ட வாய்க்கு அது ஒரு கசப்பா?

"இப்ப சீனி கொஞ்சம் வாயில போடுங்க."

சீனி போட்டால் குற்றம் என்று நாள்முழுதும் கேட்டுக்கொண்டிருந்த மனுசனுக்கு அந்தச் சொல் காதில் பாலாக விழுந்தது. ஒரு கரண்டியை அப்படியே வாயில் கவிழ்த்தார். அடுத்த கணம் அவர் முகம் மாறிப்போயிற்று. மகாவலிக் கரையில் மணல் அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. நறநறவென்று பல்லில் பட்டது. இனிப்பு என்ற பேச்சே இல்லை.

"என்ன நாக்கு செத்துப் போச்சா?" என்று பதறினார்.

"சாகல்ல. கொஞ்ச நேரம் தூங்குது. ஒரு மணித்தியாலத்தில முழிச்சிடும்."

ஹவ்வாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. "வெதமாத்தயா, அப்ப வருத்தமும் போயிடுமா?" என்று வைத்தியரைக் கேட்டாள்.

வின்சன்ட் பையைக் கட்டிக்கொண்டே, "ராத்தா, நான் பொய் சொல்லக்கூடாது. எங்க அப்பா இதக் குடுத்தாரு, அவரோட அப்பாவும் குடுத்தாரு. குடிச்சவங்க நல்லாயிருக்காங்க. இலை சீனியக் கொல்லுதா, நாக்கத்தான் கொல்லுதாண்டு எனக்குத் தெரியாது. டொக்டர் குளிசைய விட வேணாம்" என்றார். கொடியில் ஒரு துண்டை ஹவ்வாவே பின்வேலியோரம் ஊன்றி வைத்தாள். மாத்தளை மண்ணுக்கு அது பிடித்துப்போயிற்று.

யாகூப் நானா வழி கண்டுபிடித்தார். இலையை வெற்றிலைக்குள் மடித்து, பெண் வீட்டு வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் வாயில் போட்டு மென்றுவிடுவார். உள்ளே போனால் வட்டலப்பம் வெறும் களியாக இருக்கும். ஆசை எழும்பாது. மரியாதைக்கு ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, "தேன் மாதிரி ஈக்கு" என்று பழைய பாட்டைப் பாடிவிட்டுத் தட்டை மாப்பிள்ளை வீட்டார் பக்கம் நகர்த்திவிடுவார். இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரிக் குழாயில் நிறம் பச்சைக்கு வந்தது. டொக்டர் தலையாட்டினார்.

இடையில் ஒரு சறுக்கலும் நேர்ந்தது. ஒரு வீட்டில் மறதியாக, "தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் பத்தாது" என்று சொல்லிவிட்டார். பெண்ணின் உம்மா ஓடி வந்து போட்டாள். குடித்துப் பார்த்தார்; அப்போதும் வெந்நீர்தான். "இன்னங் கொஞ்சம்" என்றார். அந்தக் கோப்பையில் கரண்டி நட்டால் நிற்கும் என்ற நிலை வந்த பிறகுதான் இலை ஞாபகம் வந்தது. போட்டதைக் குடிக்காமல் விட முடியாது. அன்று வீட்டுக்கு வந்தபோது அவர் தடுமாறுவதைக் கண்டு ஹவ்வா, "வெத்திலையில புகையில கூடிப்போச்சா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் ஸக்கரியா ஹாஜியாருடைய மகனுக்குப் பெண் தேடும் வேலை கையில் வந்தது. ஸக்கரியா ஹாஜியாருக்கு மாத்தளைப் பெரிய தெருவில் புடைவைக் கடை. ஒரே மகன் மக்கீன். நல்ல பையன், வாய் அதிகம் பேசாதவன். ஆனால் பெண் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதும் சரியில்லை, ஹாஜியாருக்குப் பிடிக்கவில்லை. அக்குறணையில் ஒரு வீட்டுக்குப் போய் வந்து, அடுத்த நாள் கடையில் சாய்ந்து கிடந்தபடி "வீட்டு வாசல் தெக்கப் பாத்து ஈக்கு" என்றார். வேறொரு வீட்டுக்குப் போய் வந்து, பெண்ணின் வாப்பா இருமுகிறார் என்றார். இன்னொன்றுக்குக் காரணமே சொல்லவில்லை. அவர் மனைவி மஸீஹாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நானா, இதுதான் கடைசி. இதுவும் சரிவராட்டி நான் எண்ட தம்பிட மகளையே எடுக்கிறேன்" என்றாள். தம்பி மகளை எடுத்தால் தரகருக்கு அங்கே என்ன வேலை? யாகூப் நானா குடையை எடுத்துக்கொண்டு நாவுலைக்குப் புறப்பட்டார்.

நாவுலையில் ஜவாஹிர் என்பவர் மரக்கறி மொத்த வியாபாரம் செய்தார். அவருக்கு மூத்த மகள் றமீஸா. படித்த பிள்ளை, பார்க்கவும் லட்சணம். அறுபத்துநாலாம் ஆண்டு மழை தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸக்கரியா ஹாஜியார், மஸீஹா, மக்கீன் மூவரும் யாகூப் நானாவோடு காரில் போய் இறங்கினார்கள். இறங்குமுன் நானா வழக்கம்போல் வெற்றிலை மடிப்பை வாயில் போட்டு மென்று, வேலியோரம் துப்பிவிட்டு உள்ளே போனார்.

ஜவாஹிர் வரவேற்றார். பாய் விரித்து, வெள்ளைத் துணி போட்டு, தட்டுகள் வந்தன. "எல்லாம் மகள்ட கைவேல. உம்மாவ அடுப்படிப் பக்கமே விடல்ல" என்றார் பெருமையாக. தேத்தண்ணி வந்தது. வட்டலப்பம் வந்தது, நல்ல கரும்பழுப்பு, மேலே முந்திரிப்பருப்பு.

மஸீஹா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். வைத்தவள் அப்படியே இருந்துவிட்டாள். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. மக்கீன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கூரையைப் பார்க்கத் தொடங்கினான்.

யாகூப் நானா ஒரு வாய் எடுத்தார். களி. தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். வெந்நீர். எல்லாம் இலையின் வேலை என்று நிம்மதியாகக் கண்ணை மூடினார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "தேன் மாதிரி ஈக்கு. இந்தக் கைமணம் மாத்தளையில இல்ல."

மஸீஹா அவரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தைந்து வருடம் தரகு செய்தவரை ஒரு பெண் அப்படிப் பார்த்தது அதுதான் முதல்தரம்.

அப்போது ஸக்கரியா ஹாஜியார் தேத்தண்ணியைக் குடித்தார். குடித்துவிட்டுக் கோப்பையை உற்றுப் பார்த்தார். மறுபடி குடித்தார். வட்டலப்பத்தில் ஒரு வாய். அவர் முகத்தில் வெளிச்சம் பரவிற்று. தட்டை வழித்துச் சாப்பிட்டு நீட்டி, "இன்னங் கொஞ்சம் வைங்க" என்றார். அதுவும் முடிந்ததும் மறுபடியும் நீட்டினார். வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.

காரில் திரும்பும்போது, "இதுதான் எங்கட மருமகள். நாளைக்கே போய்ச் செல்லுங்க, நானா" என்றார். மஸீஹா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் நாவுலைக்குச் சம்மதச் செய்தி கொண்டுபோன யாகூப் நானா, மாலை மரியாதை எதிர்பார்த்தார். ஜவாஹிர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"நானா, பகிடி பண்ண வந்தீங்களா? நீங்க போன பொறகு நாங்க மிச்சத்தத் திண்டு பாத்தோம். தேத்தண்ணியில சீனி இல்ல. வட்டலப்பத்தில கருப்பட்டி ஒரு பொடி இல்ல. முட்டையும் தேங்காய்ப் பாலும், நெறத்துக்குத் தேயிலச் சாயம். ஒங்கட ஹாஜியார் ரெண்டுதரம் கேட்டு வாங்கித் திண்டாரு. எங்கள நக்கலடிக்கத்தானே?"

அறைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வாப்பா, நான் வேணுமெண்டுதான் செஞ்சேன். எனக்கு டீச்சர் ட்ரெய்னிங்குக்கு இடம் கெடச்சிருக்கு. நீங்க போக விடல்ல. வாறவங்க மொகத்த சுளிச்சிட்டுப் போவாங்கண்டு நெனச்சேன்." கொஞ்சம் நின்று, அந்தக் குரல் தரகர் பக்கம் திரும்பிற்று. "யாகூப் மாமா, ஹாஜியார விடுங்க. நீங்க எப்படித் தேன் மாதிரிண்டு சொன்னீங்க?"

திரைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளையிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஹவ்வாவுக்கும் டொக்டருக்கும் வின்சன்டுக்கும் மட்டும் தெரிந்த சங்கதியை அங்கே உட்கார்ந்து சொன்னார். இலையைக்கூட எடுத்துக் காட்டினார். ஜவாஹிர் தலைத்துண்டை அவிழ்த்தார். திரைக்குப் பின்னால் அடக்க முடியாத சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அப்ப மாமா, நீங்களே இதப் பிரிச்சு விடுங்க" என்றாள் றமீஸா.

பிரித்து விடுவதா? யாகூப் நானா கூட்டித்தான் பழக்கம். கசாப்புக் கடைக்காரனிடம் ஆட்டுக்கு உயிர் கொடு என்று கேட்டதுபோல் இருந்தது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். பெண்ணுக்கு மாறுகண் என்று சொல்லலாமா? ஹாஜியார் பார்த்திருக்கிறார். ஜவாஹிருக்குக் கடன் என்று சொல்லலாமா? அது பாவம். ஒன்றும் பொருந்தவில்லை. யோசனையில், பழக்கதோஷத்தில், ஸக்கரியா ஹாஜியார் வீட்டு வாசலுக்கு முன்னால் வெற்றிலை மடிப்பை வாயில் போட்டு மென்றுவிட்டார்.

மஸீஹா காத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கோப்பைத் தேத்தண்ணியை அவர் முன் வைத்தாள்.

"நானா, நேத்து முழுக்க எண்ட நாக்குக்குத்தான் ஏதோ ஆயிட்டுதோண்டு பயந்து போனேன். ஒண்டில சீனி போட்டிருக்கேன், ஒண்டில போடல்ல. எது எதுண்டு செல்லுங்க பாப்போம்."

யாகூப் நானா முதல் கோப்பையைக் குடித்தார். வெந்நீர். இரண்டாவதைக் குடித்தார். வெந்நீர். முதலாவதை மறுபடி குடித்தார். தேர்வு மண்டபத்தில் பக்கத்துப் பையன் தாளை எட்டிப் பார்ப்பதுபோல், கோப்பைகளின் அடியில் சீனி தங்கியிருக்கிறதா என்று சாய்த்துப் பார்த்தார். மஸீஹா நன்றாகக் கலக்கியிருந்தாள்.

"ரெண்டும் தேன் மாதிரி..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "தங்கச்சி, எனக்குச் சீனி வருத்தம்."

உள்ளறைக் கதவு திறந்தது. ஸக்கரியா ஹாஜியார் நின்றார். "நானா, ஒங்களுக்குமா?" என்றார்.

அந்த 'உம்'மில்தான் எல்லாம் உடைந்தது. மஸீஹா கணவன் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்குமாண்டா? வேற ஆருக்கு?"

ஹாஜியார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வருடமாகக் கொழும்பில் ஒரு டொக்டரிடம் காட்டி வந்ததையும், குளிசையைக் கடையில் சேலை மூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்ததையும் சொன்னார். பெண் பார்க்கப் போன வீடெல்லாம் இனிப்பைத் திணிக்க, மறுநாள் எழும்ப முடியாமல் கிடந்து, அந்த வீட்டுக்கு மறுபடி போகப் பயந்துதான் வாசலையும் இருமலையும் குறை சொன்னாராம்.

"நாவுல வீட்டிலதான் மனுசன் குடிக்கிற மாதிரி தேத்தண்ணி குடுத்தாங்க. அந்தப் புள்ள வந்தா எனக்கு நிம்மதிண்டு நெனச்சேன்."

"எனக்கிட்டச் சொல்லாம மருமகள் கொண்டு வாறதுக்குப் பாத்தீங்களா?" என்றாள் மஸீஹா. கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். "நான் சீனி போடாமத் தரமாட்டேனா?"

யாகூப் நானா இதுதான் சமயம் என்று றமீஸாவின் கதையையும் சொல்லி முடித்தார். ஹாஜியார் கேட்டுவிட்டுச் சிரித்தார். சரி, படித்துவிட்டு வரட்டும், காத்திருக்கிறோம் என்றார். மஸீஹா, இப்படிப்பட்ட புத்தி வீட்டுக்குள் வந்தால் நான் எங்கே போவது என்றாள். வாக்குவாதம் வளர்ந்தபோது யாருக்கோ நினைவு வந்து மக்கீனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

மக்கீன் காலால் சீமெந்துத் தரையைத் தேய்த்தான். "வாப்பா, நீங்க கோவிக்கப்படாது. நான் ரெண்டு வாய் திண்டேன். இன்னும் தொண்டையில ஈக்கு. எனக்கு வேணாம்."

அத்தோடு அது முடிந்தது. மக்கீனுக்கு மஸீஹாவின் தம்பி மகளே வந்தாள். தரகருக்கு அதில் வேலை இல்லாவிட்டாலும் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். றமீஸா ட்ரெய்னிங் முடித்து, பல்லேகமவில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். சில வருடம் கழித்து, அங்கே கூடப் படிப்பித்த பதுர்தீன் மாஸ்டரைத் தானே முடிவு செய்துகொண்டு, முறைப்படி பேச யாகூப் மாமாவை வரச் சொல்லி அனுப்பினாள். போனார். இரண்டு பக்கமும் அவர் வாயைத் திறக்குமுன்னமே தலையாட்டிவிட்டது. இப்படியும் ஒரு தரகா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

இதற்கிடையில் ஸக்கரியா ஹாஜியார் இலை கேட்டு வந்தார். இரகசியமாகத்தான் வந்தார். ஆனால் பெரிய தெருவில் இரகசியம் என்பது பள்ளிவாசலில் வாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பதற்குச் சமம். கொஞ்ச நாளில் கொங்காவெலப் பின்வேலிப் பக்கம், மாத்தளையின் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஒருவரும் தனக்கென்று கேட்கவில்லை. ஒருவர் கண்டியிலுள்ள மச்சானுக்கு என்றார். ஒருவர் மாட்டுக்கு என்றார். தேயிலைத் தோட்டத்துக் கிளார்க் ஒஸ்வல்ட் மட்டும், "எனக்குத்தான் அம்மா, என் பொஞ்சாதி மார்ஜரி கேக் சுட்டே என்னைக் கொல்றா" என்று உண்மை சொன்னார். ஹவ்வா அவருக்கு ஒரு பிடி அதிகமாகக் கொடுத்தாள்.

பிறகு ஒரு நாள் ஸக்கரியா ஹாஜியார் கடையிலேயே மயங்கி விழுந்தார். இலை இருக்கும்போது குளிசை எதற்கு என்று மூன்று வாரமாக விட்டிருந்தாராம். ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்தது அல்லாவின் காவல். வின்சன்ட் கேள்விப்பட்டு வஹகோட்டையிலிருந்து வந்து, கட்டில் பக்கத்தில் நின்று, "நான் குளிசைய விடச் சொல்லல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டொக்டர் யாகூப் நானாவையும் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்துப் போனவருக்கு அவர் நாற்காலி கொடுத்தார்.

"அந்த இலையில ஏதும் இருக்கலாம், இல்லண்டு நான் சொல்ல மாட்டேன். அதச் சோதிச்சுப் பாக்கணும், சும்மா நம்பக்கூடாது. ஒங்களுக்குக் கொறஞ்சது இலையாலயா, வட்டலப்பம் திண்ணாம விட்டதாலயா, குளிசையாலயாண்டு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். அவர் எழுதி அனுப்பித்தான் கொழும்பிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு ஆள் வந்து, ஒரு சாக்கு நிறைய இலை பறித்துக்கொண்டு போனார். சாறு எடுத்து எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்களாம். எலிகள் என்ன சொல்லின என்று மாத்தளைக்கு ஒரு தகவலும் வரவில்லை.

ஹவ்வா எலிகளுக்காகக் காத்திருக்கவில்லை. அவளே ஒரு சட்டம் போட்டாள். இலை வேண்டுமென்றால் குளிசைப் போத்தலைக் கொண்டு வந்து காட்ட வேண்டும். காட்டாதவருக்கு இலை இல்லை. ஹாஜியாரானாலும் சரி, மாட்டுக்கு என்றாலும் சரி. பெரிய தெரு முதலாளிமார் வேலியோரம் வரிசையாகப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாகூப் நானா உள்ளே சாய்வு நாற்காலியில் கிடந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். எந்தெந்த வீட்டில் சீனி வருத்தம் இருக்கிறது என்று அவருக்கு இப்போது தலைகீழ்ப் பாடம். சம்பந்தம் பேசும்போது அதைப்பற்றி மட்டும் ஒருபோதும் வாய் திறந்ததில்லை.

ஒரு பின்னேரம் ஸக்கரியா ஹாஜியார் வந்து போத்தலை வேலிக்கு மேலால் காட்டினார். ஹவ்வா கையை நீட்டினாள்.

"தாங்க பாப்போம்."

"தூரத்தில இருந்தே தெரியுதுதானே" என்றார் ஹாஜியார்.

அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. போத்தல் கைமாறிற்று. மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். ஒன்றை எடுத்து உடைத்தாள். பெப்பர்மின்ட் மணம் வேலி தாண்டி வீட்டுக்குள்ளும் வந்தது.

"ஹாஜியார்" என்றாள் ஹவ்வா, "மஸீஹாவ நான் கூப்பிட்டு அனுப்பவா, நீங்களே போய்ச் செல்றீங்களா?"

உள்ளே யாகூப் நானா சத்தமில்லாமல் எழுந்தார். கோட்டுப் பைக்குள் கையை விட்டு, அங்கே இருந்த சின்னப் பெப்பர்மின்ட் கடதாசிச் சுருளைத் தடவிப் பார்த்து, அதை எங்கே போடலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.